பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரம்

சனிக்கிழமையானா பெரியப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறது என் டூட்டி. உள்ளே 4 மணி நேரம் அவருக்கு மெஷின், வெளியே எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி. அப்படி ஒருநாள் ரிப்போர்ட்டைப் புரட்டினப்போ 'சி.ஆர்.பி. 22'ன்னு ஒரு வரி, பக்கத்துல ஒரு நட்சத்திரக்குறி. 5-க்குக் கீழே இருக்கணுமாம். மனுஷனுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அப்புறம் எதுக்கு நட்சத்திரம்? பொட்டி தட்டுறவனுக்கு இது தேவையான்னு கேட்காதீங்க, தேடிப் படிச்சிட்டேன் :-)

ஆரம்பம் 1930, நியூயார்க், ராக்பெல்லர் இன்ஸ்டிடியூட். நிமோனியா கிருமியிலிருந்து பிரிச்ச 'சி' என்ற பொருளை நோயாளிகளின் சீரத்தோடு கலந்து பார்த்தார்கள் டில்லட்டும் பிரான்சிஸும். வீழ்படிவு வந்தது. நோயாளி தேறியதும் வரவில்லை. 'சி'யோடு வினைபுரிகிற புரதம் என்பதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன். உடம்பில் எங்கேயாவது அழற்சி என்றால் இன்டர்லூக்கின்-6 போய்க் கல்லீரலிடம் சொல்லும், கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி பண்ணித் தள்ளும். நோய் போனால் இதுவும் போயிடும். டயாலிசிஸ்காரர்களுக்கு மட்டும் போகமாட்டேங்குதே, அங்கேதான் கதை.

1960 மார்ச், சியாட்டில். அதுவரைக்கும் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புதுசா ரத்தக்குழாயைக் கீறணும், சில வாரத்துல கீற இடமே இருக்காது. டாக்டர் ஸ்கிரிப்னர் க்ளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் டெஃப்லான் குழாயை நிரந்தரமாகவே பொருத்திவிட்டார். சாகக் கிடந்த மனுஷன் 11 வருஷம் வாழ்ந்தார். கடைசியில் போனது சிறுநீரகத்தால் இல்லை, மாரடைப்பில்.

அவர் மட்டுமில்லை. 1974-ல் ஸ்கிரிப்னர் குழுவே கணக்கைப் போட்டுக் காட்டியது. 39 நோயாளிகளில் 23 பேர் இறந்திருந்தார்கள், அதில் 14 பேருக்குக் காரணம் ரத்தக்குழாய் அடைப்பு சம்பந்தப்பட்டது. சரி, கொலஸ்ட்ரால்தான் வில்லன்னு பார்த்தா, டயாலிசிஸில் கொலஸ்ட்ரால் கம்மியா இருந்தவங்கதான் சீக்கிரம் செத்தாங்க! எல்லாம் தலைகீழ்.

முடிச்சு கொஞ்சம் அவிழ்ந்தது 1999-ல். ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க்கில் வான்னர் குழு 280 டயாலிசிஸ் நோயாளிகளை 2 வருஷம் கவனித்தது. வெளியே நோய் எதுவும் தெரியாதவர்களிலேயே கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு சி.ஆர்.பி. அதிகம். அதிகமிருந்த கால்வாசிப் பேர், குறைவாயிருந்த கால்வாசியைவிட 4 மடங்குக்கும் மேல் இறந்தார்கள். அதே சமயம் ஸ்டாக்ஹோமில் ஸ்டென்வின்கெல் குழு ஊட்டக்குறைவு, அழற்சி, ரத்தக்குழாய் அடைப்பு மூணும் கைகோத்து நடக்குதுன்னு சொன்னது. கொலஸ்ட்ரால் புதிருக்கும் இதுல பதில் இருந்தது. அழற்சி கொலஸ்ட்ராலையும் இறக்கும், ஆல்புமினையும் இறக்கும், ஆளையும் இறக்கும்.

அப்போ சி.ஆர்.பி.யை இறக்கினா ஆள் பிழைப்பாரா? கொலஸ்ட்ராலோடு சி.ஆர்.பி.யையும் இறக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கையிலேயே இருந்தது. அதே வான்னர் சர்க்கரை நோயுள்ள 1,255 டயாலிசிஸ்காரர்களிடம் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார். கொலஸ்ட்ரால் சரசரன்னு இறங்கிச்சு, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூணும் சேர்ந்த கணக்குல சொல்லும்படியா வித்தியாசமில்லை. 2009-ல் அரோரா, 2,776 பேர். சி.ஆர்.பி.கூட இறங்கிச்சு, சாவு குறையலை.

எர்ரர் மெசேஜை மறைச்சுட்டு பக் போச்சுன்னு ரிலீஸ் பண்ணினவங்களுக்கு (நானும்தான்) இது புரியும். தீ வேற எங்கேயோ எரியுது: கழுத்து கத்தீட்டர், சுத்தமில்லாத டயாலிசிஸ் தண்ணீர், உள்ளேயே விட்டுவைத்த அடைபட்ட செயற்கைக் குழாய், பல் ஈறு.

பெரியப்பாவுக்கு ஈறுதான். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினாங்க, திட்டிக்கிட்டே வந்தார். அடுத்த மாசம் 9. அதுக்கடுத்த மாசம் மறுபடி 14. இந்த சனிக்கிழமை ரத்தம் கொடுத்திருக்கார், ரிப்போர்ட் இன்னும் வரலை.