இமயத்துப் பனியும் ஐப்பசி மழையும்

1886 ஜூன் 4 அன்று இந்திய வானிலைத் துறை தன் முதல் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டது. அதற்கு முதன்மையான ஆதாரம், அந்த ஆண்டு வசந்தகாலத்தில் இமயமலையில் எவ்வளவு பனி விழுந்தது, எத்தனை நாள் கரையாமல் கிடந்தது என்ற கணக்கு. வட இந்தியாவுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் சங்கரன்கோவில் போன்ற மானாவாரிச் சீமைக்கு அந்தக் கணக்கு சொன்ன சேதி சொற்பம். எந்தப் பஞ்சத்துக்குப் பயந்து சர்க்கார் மழையை முன்கூட்டி அறிய விரும்பியதோ, அந்தப் பஞ்சத்தில் மிக அதிகமாகச் செத்தவர்கள் சென்னை மாகாணத்தார். அப்படிப் பிறந்த முன்னறிவிப்பில் சென்னை மாகாணத்தின் தென்கோடிக்கு உரிய மழை இடம்பெறவேயில்லை.

அந்தப் பஞ்சம் தாது வருஷப் பஞ்சம். 1876இல் தென்மேற்குப் பருவமழை தக்காணத்தில் பொய்த்தது. தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. 1878க்குள் பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகச் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூட்டங்கூட்டமாகச் சனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தபோது, 1875இல் தொடங்கிய வானிலைத் துறைக்குத் தலைவராக ஹென்றி பிளான்ஃபோர்டு இருந்தார். நிலவியல் படித்தவர். அவர் கவனித்தது எளிய ஒன்று: மேற்கு இமயத்தில் பனி மிகுந்து, கோடை வரை கிடந்தால், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது, மழை பிந்துகிறது அல்லது குறைகிறது. 1882 முதல் 1885 வரை இதைச் சோதனை முறையில் சொல்லிப் பார்த்தார். அது பலித்தது. இடையில் 1884இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரையும் எழுதினார்.

இதன் அடிப்படை இன்றும் ஏற்கப்படுவதுதான். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிஞ்சிய வெயிலும் பனியைக் கரைப்பதிலும், கரைந்த ஈரத்தை ஆவியாக்குவதிலும் செலவாகிறது. அப்புறம்தான் மண் சூடேறும். மே மாதத்தில் நிலம் போதிய அளவு காயாவிட்டால் அங்கே காற்றழுத்தம் சரியாகத் தாழாது. கடல் காற்றை உள்ளே இழுக்கும் வலு குறையும். செயற்கைக்கோள் படங்கள் வந்த பிறகு, 1976இல் ஹான், சுக்லா என்ற இருவர் இமயத்தோடு நிற்காமல் ஐரோப்பா, ஆசியா முழுமைக்கும் பனிப்பரப்பைக் கணக்கிட்டு இதே எதிர்மறை உறவைக் கண்டார்கள். 1988இல் வானிலைத் துறை கொண்டுவந்த 16 அளவைகள் கொண்ட மாதிரியிலும் இமயப் பனி இருந்தது. அதே நேரம், அது தனியாக நம்பத்தகுந்த சாட்சியல்ல. பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899இல் நல்ல மழை என்றார். வந்தது கொடும் வறட்சி. அடுத்து வந்த கில்பர்ட் வாக்கர் பனியை ஒதுக்கவில்லை, ஆனால் அதோடு மொரீஷியஸ், தென்னமெரிக்கா காற்றழுத்தத்தையும் சான்சிபார் மழையையும் சேர்த்துக்கொண்டார். 1924இல் தீபகற்பத்துக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும் தனித்தனிச் சூத்திரமே எழுதினார். அப்போதும் சூத்திரம் பேசியது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையை.

அந்த நான்கு மாதம் சங்கரன்கோவிலில் எப்படி இருக்கும்? குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அதே மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும்போது ஈரத்தை உதறிவிட்டு வெறுங்காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். தென்காசி, சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றில்தான். சங்கரன்கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா அந்தக் காற்றில்தான் நடக்கிறது. கோமதி அம்மன் சப்பரத்தை நோக்கி விவசாயிகள் பருத்தியையும் மிளகாயையும் நெல்லையும் சூறை விடுகிறார்கள். அது முந்தைய வெள்ளாமை. அடுத்த வெள்ளாமைக்கான நிலம் அப்போது வெடித்த கரிசலாகத்தான் கிடக்கும். புரட்டாசியில் புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழையில் முளைப்பு என்பதே கம்புக்கும் சோளத்துக்கும் உளுந்துக்கும் வழமை. ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த இரண்டு மாதங்களில் இறங்குகிறது.

தென்மேற்கு மழைதானே மலையில் பெய்து தாமிரபரணியை நிரப்புகிறது, அப்படியானால் நெல்லைக்கும் இமயப் பனி பொருந்தாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கார் சாகுபடி செய்யும் ஆற்றங்கரை வயலுக்கு அது பொருந்தும். சங்கரன்கோவில் கரிசல் தாமிரபரணிப் பாசனத்துக்கு வெளியே இருக்கிறது. அதற்கு வானமே வாய்க்கால். இன்னொரு மறுப்பும் உண்டு: நாடு முழுக்க நல்ல மழையென்றால் தெற்கிலும் ஓரளவு நல்ல மழைதானே? இதற்கு அண்மைக்காலப் பதிவே பதில். 2015இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைவு. அதே ஆண்டு தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2016இல் தென்மேற்கு 97 சதவீதம், ஏறக்குறைய இயல்பு. தமிழகத்தில் வடகிழக்கு 62 சதவீதம் பற்றாக்குறை. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மெலிவதும் வடகிழக்கு வலுப்பதும் பலமுறை கண்டது. ஆக, ஏப்ரலில் டெல்லி சொல்லும் எண்ணை அப்படியே நம் ஐப்பசிக்கு எடுத்துக்கொண்டால் தலைகீழாகவும் முடியும்.

பிளான்ஃபோர்டைக் குறை சொல்வது சரியாகாது. மலை மாவட்ட அதிகாரிகள் அனுப்பிய குறிப்புகளை வைத்து ஒரு துணைக்கண்டத்துக்கு மழை சொன்னவர் அவர். அக்டோபரில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தைப் பற்றி சித்திரை மாதத்துப் பனி என்ன சொல்லிவிடும்? குறை அதற்குப் பிறகு நேர்ந்த தாமதத்தில் இருக்கிறது. தென் சென்னை மாகாணத்தின் வடகிழக்குப் பருவமழையை முன்னறிவது பற்றி துரைசாமி ஐயர் எழுதிய குறிப்பை வானிலைத் துறை வெளியிட்டது 1941இல். தாது வருஷம் தொடங்கி அதற்குள் 65 ஆண்டு போய்விட்டது. கோதுமையும் கரும்பும் விளையும் கங்கைச் சமவெளிக்கும் பஞ்சாபுக்குமே கவனம் போனது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று வடகிழக்குப் பருவமழைக்கும் வானிலைத் துறை முன்னறிவிப்பு தருகிறது, செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும் தறுவாயில். ஏப்ரலில் வரும் தென்மேற்கு அறிவிப்பு எல்லாச் செய்தித்தாளிலும் முதல் பக்கத்தில் வருகிறது. வடகிழக்கு அறிவிப்பு உள்பக்கத்தில் ஒரு பத்தியாக ஒடுங்கிவிடுகிறது. நம் தமிழ்ப் பத்திரிகைகளாவது இதைத் தலைப்புச் செய்தியாகப் போடட்டும். விதைப்பை முடிவு செய்யும் சங்கரன்கோவில் சம்சாரிக்கு வேண்டியது இந்தச் செய்திதான்.