சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஓவியக்கல்வியும் கோலமும்: பூன் லேயை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பூன் லே பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் சிறிது தொலைவு சென்றால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தை அடையலாம். அவ்வளாகத்திற்கு 2000ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில்தான் சிங்கப்பூரின் தமிழாசிரியர்களும் ஓவிய ஆசிரியர்களும் பயிற்சி பெறுகின்றனர். தமிழ்ச் சிறுவரின் இல்லங்களில் வழங்கிவந்த கோலம் என்னும் வடிவமைப்புக் கலை பள்ளியின் ஓவியப் பாடத்தில் எத்தகைய இடத்தைப் பெற்றது என்ற வினா இவ்விரு சாராருக்கும் உரியது. ஆயினும் இருவருமே அதனைத் தம் வினாவாகக் கொண்டிலர் என்று தோன்றுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை வரலாற்று அடிப்படையில் அணுக முற்படுகிறது.

பார்த்து வரைதல்

ஓவியம் ஒரு பாடமாகப் பள்ளிக்குள் நுழைந்தது சிறுவரின் மகிழ்ச்சிக்காக அன்று. 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியை ஒட்டி, பிரித்தானியப் பொருள்களின் வடிவமைப்புத் தரம் பற்றிய கவலை மிகுந்தது. ஹென்றி கோல் தலைமையில் சவுத் கென்சிங்டனை மையமாகக் கொண்டு வளர்ந்த அறிவியல் கலைத் துறை, நேர்கோடு, வளைகோடு, வடிவியல் உருவம், அச்சிட்ட மாதிரிப்படம் எனப் படிப்படியாக அமைந்த பயிற்சிமுறையைப் பரப்பியது. மாதிரியைப் பிழையின்றிப் பெயர்த்து வரைபவரே அம்முறையில் நன்மாணாக்கர். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளியும் கைத்தொழில் மேம்பாட்டையே பெரிதும் நாடியது. தமிழகப் பள்ளிகளில் 'டிராயிங் மாஸ்டர்' கரும்பலகையில் பூச்சாடியோ மாம்பழமோ வரைய, மாணவர் அதனை அப்படியே ஏட்டில் இறக்கிய காட்சியை மூத்த ஆசிரியர் பலர் நினைவுகூர்வர். அது அம்மரபின் எச்சமே.

சிங்கப்பூரில் ஓவியக்கல்விக்கு ஒழுங்கான அமைப்பு உருவானதில் ரிச்சர்ட் வாக்கருக்குப் பெரும்பங்கு உண்டு. 1923இல் இங்கு வந்த அவர், அரசாங்க ஆங்கிலப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியராகவும் பின்னர் ஓவியக் கண்காணிப்பாளராகவும் பணியாற்றினார். நீர்வண்ண ஓவியராகப் பின்னாளில் புகழ்பெற்ற லிம் செங் ஹோ, ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் அவரிடம் பயின்றவர். எனினும் இஃது ஆங்கிலப் பள்ளிகளின் வரலாறு. சீனச் சமூகத்தார்க்கு 1938இல் லிம் ஹாக் தாய் நிறுவிய நன்யாங் நுண்கலைக் கழகம் வாய்த்தது. தமிழ்ப் பள்ளிகளுக்கு அத்தகையதொரு துணை வாய்க்கவில்லை. இறுதியாக எஞ்சிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டபின், தமிழ்ச் சிறுவர் அனைவரும் பொதுப் பள்ளிகளின் ஓவியப் பாடத்திற்கே உரியவராயினர்.

குழந்தையின் கோடு

பார்த்து வரைதலுக்கு எதிர்ப்பு வியன்னாவில் வலுப்பெற்றது. 1897இல் ஃபிரான்ஸ் சிசெக் அங்குத் தொடங்கிய சிறுவர் ஓவிய வகுப்பு, குழந்தையின் ஓவியத்தைப் பெரியவர் ஓவியத்தின் குறைவடிவமாகக் கருதாது தனிக் கலையாகவே கொண்டது. இங்கிலாந்தில் மேரியன் ரிச்சர்ட்சன் வகுப்பறையில் புதுவழி கண்டார். ஹெர்பர்ட் ரீட் 1943இல் வெளியிட்ட நூல் கலைவழிக் கல்வி என்ற கருத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. சேவாகிராமத்தில், சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத், காந்தியடிகளின் ஆதாரக் கல்விச் சூழலில் சிறுவர் ஓவியத்தை வளர்த்தார். இலங்கையில் சி. எஃப். வின்சரும் அவரை அடுத்து டபிள்யூ. ஜே. ஜி. பீலிங்கும் சித்திரக் கல்வியின் தலைமைப் பரிசோதகர்களாக விளங்கினர். வின்சரின் பெயராலேயே யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக் கழகம் அமைந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் எஸ். ஆர். கனகசபை. பள்ளிச் சித்திர ஆசிரியர்களை ஒருங்குகூட்டிய தமிழ் முயற்சி என்ற வகையில் அது விரிவாக ஆராயத்தக்கது.

இவ்வியக்கத்தின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனுள் ஒரு குறையும் இருந்தது. தன் உள்ளத்திலிருந்து குழந்தை வரைவதே உண்மை ஓவியம் என்று கொண்டமையால், மரபாக வரும் வடிவங்கள் ஐயத்திற்குரியனவாயின. முந்தைய சவுத் கென்சிங்டன் முறையோ வடிவியலைப் போற்றியது. ஆனால் அவ்வடிவியல் அச்சுத்தாளிலிருந்து வந்தாக வேண்டும். வாயிற்படியில் தாயிடம் சிறுமி கற்ற வடிவியல் அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை. இவ்வாறு கோலம் இரு முறைகளுக்கும் புறத்தே நின்றுவிட்டது.

தொழிற்பேட்டையின் தேவை

பூன் லே என்ற பெயர், கேம்பியர், ரப்பர்த் தோட்டங்களும் பிஸ்கட் தொழிலும் நடத்திய சியூ பூன் லேயின் (1852–1933) பெயராகும். 1961இல் ஜூரோங்கின் சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கும் பணி தொடங்கியபோது, நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் அம்முயற்சியை மடமை என்று இகழ்ந்தோரும் இருந்தனர். 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அக்காலத்தில் பள்ளி எதனை விரும்பியது என்பதில் ஐயமில்லை. 1960களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தொழில்நுட்பப் பாடங்கள் விரிவாக்கப்பட்டன. சவுத் கென்சிங்டனின் கனவு நூறாண்டு கழித்து ஜூரோங்கில் பலித்தது எனின் மிகையாகாது.

பின்னர்க் காற்றுத் திசைமாறியது. 1997இல் 'சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்' என்ற நோக்கு அறிவிக்கப்பட்டது. தொடக்கக் கல்வி மறுஆய்வுக் குழு 2009இல் தேர்வு சாராக் கற்றலை வலியுறுத்தியது. அதன்பின் தொடக்கநிலை ஒன்று, இரண்டு மாணவர்க்கு விளையாட்டு, வெளிப்புறக் கல்வி ஆகியவற்றோடு காட்சிக்கலையும் நிகழ்த்துகலையும் செயல்வழிக் கற்பிக்கப்பட்டன. 2011இல் கலை ஆசிரியர்களுக்கென ஒரு தனிக் கழகமே அமைக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் தொழிற்சாலைக்குக் கை தேவைப்பட்ட காலத்தில் கையும், புத்தாக்கப் பொருளியலுக்குக் கற்பனை தேவைப்பட்ட காலத்தில் கற்பனையும் வலியுறுத்தப்பட்டன என்பதை வரலாற்றாசிரியன் குறித்தே ஆகவேண்டும்.

கோலத்தின் இடம்

இன்று பள்ளிகளில் கோலம் அறவே இல்லை என்பதற்கில்லை. தீபாவளியின் போதும் இன நல்லிணக்க நாளன்றும் அது வரும். பெரும்பாலும் ரங்கோலி என்ற பெயரில், முன்னரே வரைந்த கோட்டிற்குள் வண்ணம் நிரப்பும் செயலாக வரும். இதில் வடிவமைப்பு ஆசிரியருடையது. நிரப்புதல் மட்டுமே மாணவருடையது. சிசெக் எதிர்த்த பார்த்து வரைதலைக் காட்டிலும் இது குறைந்தது. பார்த்து வரைபவர் கோட்டையேனும் இழுக்கிறார்.

புள்ளிக் கோலத்தின் அறிவு வண்ணத்தில் இல்லை. '15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை' என்ற குறிப்பை எடுத்துக்கொள்வோம். நடுவரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8இல் முடியும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. உருவாவது ஓர் அறுகோணம். ஒரு தொடக்கநிலை நான்கு மாணவர் இத்தொகையைத் தாமே கண்டடையலாம். சிக்குக் கோலத்திலோ கோடு புள்ளிகளைத் தொடாது வளைந்து சென்று புறப்பட்ட இடத்திற்கே மீள வேண்டும். 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனியும் அவர்தம் உடனாய்வாளரும் இத்தகைய வடிவங்களைக் கணினியியலின் வடிவ இலக்கணங்களாக விளக்கினர். கல்லூரி ஆய்வறை கண்ட இலக்கணத்தைத் தொடக்கப்பள்ளி ஓவிய அறை இன்னும் காணாதிருப்பது வியப்பே.

கோலம் பெண்மக்களுக்கே உரியதாக வீட்டில் வைக்கப்பட்டிருந்தது என்ற தடையும் உண்டு. பள்ளி அத்தடையை எளிதில் நீக்கும். ஆண் மாணவர்க்கும் பிற இன மாணவர்க்கும் 169 புள்ளி ஒன்றே.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. தமிழ் வகுப்பில் படம் என்றால் படக்கட்டுரை; பெரியவர் வரைந்ததை மாணவர் சொல்லால் விவரிப்பர். மாணவர் வரைந்ததை மாணவரே விவரிக்கும் வகுப்பு அரிது. தாம் போட்ட கோலத்தை உடன்பயில்வோர்க்குச் சொல்லிக் கொடுக்க முற்படும் சிறுவர்க்குப் புள்ளி, வரிசை, வளைவு, இழை, சிக்கு, இடைப்புள்ளி ஆகிய சொற்கள் உடனே தேவைப்படுகின்றன. தேக்காக் கடைகளில் விற்கும் அச்சிட்ட ஒட்டுக்கோலத்தை வாயிலில் ஒட்டுவதற்கு அவற்றுள் ஒரு சொல்லும் தேவைப்படுவதில்லை.