மலை தாண்டும் சொல்: எல்லைத் தமிழரும் அமெச்சூர் வானொலியும்

என் சொந்த ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் எல்லை ஊர். அக்காவை இடுக்கி மாவட்டத்தில், மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தவருக்குக் கொடுத்தோம். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் இரண்டு வீட்டுக்கும் நடுவே 70, 80 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் போனால் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று சுற்றி ஒரு பகல் முழுக்கப் போய்விடும். குறுக்கே ஆனைமலை படுத்திருக்கிறது. அந்த மலையைத் தாண்டி ஒரு சொல்லை அனுப்ப அமெச்சூர் வானொலியில் நான் செய்து பார்த்த சோதனையைச் சங்க மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் பாதை வந்தது. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போகும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கொட்டக்குடிக்கு இறங்கும். 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடியோடு கொண்டுபோயிற்று. கொல்லம் ஆண்டு 1099 ஆனதால் மலையாளிகள் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். மழை வலுத்தால் மலை தனித்துப் போகும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

அந்தப் பாடம் 96 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. 2020 ஆகஸ்டு 6 இரவு, ராஜமலை அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழர், கயத்தாற்றுப் பக்கம் வேருள்ள குடும்பங்கள் பல. மின்சாரம் இல்லை, செல்போனும் இல்லை. இரவில் நடந்தது வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். அக்கா இருந்தது வேறு தோட்டம். ஆனாலும் அன்று அவள் எண்ணுக்கு எத்தனை தடவை போட்டிருப்போம்! மூன்றாம் நாள்தான் குரல் கேட்டது. அதற்குள் அம்மா பாதி உயிராகிவிட்டாள்.

நான் பல வருஷமாக 'ஹாம்' உரிமம் வைத்திருப்பவன். தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் பெற்று, லாப நோக்கமின்றி வானொலியில் பேசிக்கொள்பவர்களை அப்படி அழைப்பார்கள். இந்தியாவில் இது 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவோடு தொடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசி அறுந்த அந்தமானிலிருந்து அவர்கள் செட்தான் சேதி சொன்னது. 'அந்தமானுக்கு முடிந்தது, அக்கா வீட்டுக்கு முடியாதா?' என்று மனசு குடைந்தது.

இங்கேதான் 'டிஜிட்டல்' முறைகள் வருகின்றன. பெயர் புதுசு, சங்கதி பழசு. மோர்ஸ் தந்தியே ஒருவகை டிஜிட்டல்தானே! அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறி என்பது மோர்ஸின் சூட்சுமம். ஆங்கில 'ஈ'க்கு ஒரே புள்ளி. 1998-இல் பீட்டர் மார்ட்டினெஸ் என்ற ஆங்கிலேய ஹாம் அதே சூட்சுமத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தார். அதுதான் 'பிஎஸ்கே31'. விநாடிக்கு 31.25 பிட் என்ற ஆமை வேகம். ஆனால் குரலுக்குத் தேவையான அலைவரிசை அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். சக்தி சிதறாமல் ஒரே இடத்தில் குவிவதால் சின்ன செட்டும் போதும். 2017-இல் நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் பிராங்கும் 'எஃப்டி8' தந்தார்கள். காதுக்குக் கேட்காத சமிக்ஞையைக்கூட அது படித்துவிடும். 15 விநாடிக்கு ஒரு முறை என்று நேரம் தவறாமல் பேச வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் கணினிக் கடிகாரம் பிசகினால் எல்லாம் போச்சு. ஜி.பி.எஸ். வைத்து நேரம் திருத்த வேண்டும்.

பெட்டிமுடிக்கு அடுத்த ஆண்டு சோதனையில் இறங்கினோம். அக்கா மகனும் உரிமம் வாங்கியிருந்தான். இரண்டு பக்கமும் ஒரு பழைய செட், மடிக்கணினி, 12 வோல்ட் கார் பேட்டரி, 5 வாட் சக்தி. கைக்கு அடக்கமான வி.எச்.எஃப். செட்டில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அலைக்கு மலை சுவர். ஆகவே 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாறி, 20 மீட்டர் கம்பியை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கொய்யா மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவே கட்டினோம். தாழக் கட்டினால் அலை நேரே மேலே போய், வான் அடுக்கில் பட்டுக் குடை விரித்தாற்போல் சுற்றிலும் இறங்கும். மலை குறுக்கே நிற்காது.

முற்பகல் பதினொரு மணி. குரலில் கூப்பிட்டேன், இரைச்சல்தான். பிஎஸ்கே31-இல் தட்டினேன். உடனே போன் அடித்தது. "மாமா, காதுல ஒண்ணுமே புரியலை, ஆனா ஸ்கிரீன்ல எழுத்து வருது!" ஆங்கில எழுத்தில் 'அக்கா சௌக்கியமா' என்று தட்டினேன். பதில் ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து வந்தது: 'சௌக்கியம். மழை இல்லை. நீ எப்போ வரே?'

சந்தோஷம் பொழுது சாயும் வரைதான். இருட்டியதும் 7 மெகாஹெர்ட்ஸ் கைவிட்டது. பக்கத்து ஊருக்கு இறங்க வேண்டிய அலை வான் அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது. இரவுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸும் 40 மீட்டர் கம்பியும் வேண்டும். பெட்டிமுடி நடந்தது இரவில் என்பதை நினைத்துக்கொண்டேன். மறுவாரம் நீளக் கம்பி கட்டினோம். இரவு ஒன்பதுக்கும் எழுத்து வந்தது.

இன்னொரு குறையும் உண்டு. எஃப்டி8-இல் சொந்த வாசகத்துக்கு ஒரு தடவைக்கு 13 இடம்தான். அதுவும் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான். ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' சொன்னாலே எட்டு இடம் போய்விடும். தமிழிலேயே அனுப்பலாமென்றால், யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் அந்த ஒரு சொல் 21 பைட். ஆமை வேகத்தில் அது பெரிய சுமை. தமிழில் அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறி தரும் ஒரு பட்டியலை நம் கணினி இளைஞர்கள் செய்தால் பாட்டியும் படிக்கும்படி சேதி போகும்.

செட் மண்சரிவைத் தடுக்காது. ஒரு ராத்திரி மௌனத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அதற்கும் பெட்டிக்குப் பக்கத்தில் உரிமமும் பழக்கமும் உள்ள ஒரு ஆள் இருக்க வேண்டும். மலையில் உறவு வைத்திருக்கும் நம் குடும்பங்களில், வீட்டுக்கு ஒருவர் வேண்டாம், ஊருக்கு ஒருவர் தேர்வு எழுதட்டும். ஞாயிறு தவறாமல் இப்போதும் அக்கா மகனும் நானும் தட்டிக்கொள்கிறோம். விசேஷமாக ஒன்றும் இருக்காது. 'சௌக்கியமா' என்று இவன் கேட்பான், 'சௌக்கியம்' என்று நான் சொல்வேன். மழைக்காலத்தில் அந்த ஒரு சொல் வந்து சேர்ந்தால் போதும்.