பஸ்லுல்லா சாலையும் இரண்டாம் விருப்ப வாக்கும்

என் கட்டுரைகளைப் படிக்கும் வாசகர் ஒருவர், அசோக் பில்லர் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் வந்தால் டி.வி. விவாதம், கருத்துக்கணிப்பு, யார் முந்துகிறார் யார் பிந்துகிறார் என்று வருஷம் முழுக்க அமர்க்களம். நம் நாட்டு ஜனாதிபதி தேர்தலில் என்றைக்காவது அப்படி ஒரு பரபரப்பு இருந்திருக்கிறதா சார்?”

இருந்திருக்கிறது. 1969 ஆகஸ்டில் இந்த நாடு ஒரு ஜனாதிபதித் தேர்தலின் எண்ணிக்கையை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பார்த்தது என்று சொல்ல முடியாது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான். 1960களில் உருவான அசோக் நகருக்கு அப்போது வயது சில வருடங்களே. ரேடியோவும் காலைப் பேப்பரும்தான் அங்கே செய்தி. கருத்துக்கணிப்புக்குப் பதிலாக, எந்தக் கட்சிக்கு எத்தனை எம்.பி., எத்தனை எம்.எல்.ஏ. என்று ஆளாளுக்குக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டலெல்லாம் கடைசியில் பொய்த்தது.

அசோக் நகரிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டினால் தி.நகர். அங்கே பஸ்லுல்லா சாலை 60-ஆம் எண் வீட்டில் இந்தத் தேர்தலைக் கவனித்துக்கொண்டிருந்தவருக்கு வயது 90. சி. ராஜகோபாலாச்சாரி என்ற ராஜாஜி. எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாததால் அவருக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஆனால் களத்தில் நின்ற மூன்று முக்கிய வேட்பாளர்களில் ஒருவர் அவருடைய பழைய மந்திரி. இன்னொருவர் அவருடைய கட்சியின் வேட்பாளர். நிலைமை வேறு மாதிரி போயிருந்தால் 1950-இல் முதல் ஜனாதிபதியாகியிருக்க வேண்டியவரும் அவர்தான். நேருவின் விருப்பம் ராஜாஜி. 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சேராமல் ஒதுங்கி நின்றதைக் காங்கிரஸ்காரர்கள் மறக்கவில்லை. பட்டேலும் மற்றவர்களும் ராஜேந்திர பிரசாத் பக்கம் சாய்ந்தார்கள். கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி 1950 ஜனவரி 26 அன்று இறங்கி நின்றார்.

அதே ராஜாஜி 1959-இல் நேருவின் சோஷலிசத்துக்கு எதிராகச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று அவர் வைத்த பெயர் இன்றும் வழங்குகிறது. அரசாங்கம் வியாபாரம் செய்யக்கூடாது, சொத்துரிமையில் கை வைக்கக்கூடாது, அரசியல் சட்டத்தை நினைத்தபோதெல்லாம் திருத்தக்கூடாது: ‘ஸ்வராஜ்யா’ இதழில் வாராவாரம் அவர் எழுதியவற்றின் சாரம் இவ்வளவுதான். 1967 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்து மிகப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது.

அந்த வருடமே ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வெள்ளோட்டம் நடந்தது. அடிப்படை உரிமைகளைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று கோலக்நாத் வழக்கில் தீர்ப்பளித்த தலைமை நீதிபதி கோகா சுப்பா ராவ், பதவியை விட்டுவிட்டு எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றார். சுதந்திராக் கட்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? ஜாகிர் உசேனுக்கு 4,71,244 வாக்கு மதிப்பு, சுப்பா ராவுக்கு 3,63,971. தோல்விதான், ஆனால் காங்கிரஸை எதிர்த்து இவ்வளவு சேரும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை.

1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். துணை ஜனாதிபதி வி.வி. கிரி தற்காலிக ஜனாதிபதியானார். அடுத்தது யார் என்று முடிவுசெய்ய ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியபோது, காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே. பாட்டீல் முதலிய, ‘சிண்டிகேட்’ எனப்பட்ட கட்சியின் மூத்த தலைவர்கள் சஞ்சீவ ரெட்டியை முன்னிறுத்திச் சாதித்துக்கொண்டார்கள். பிரதமர் இந்திராவுக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் ரெட்டியின் வேட்பு மனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் அவர்தான்! கிரி சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார்.

பிறகு நாலைந்து நாட்களுக்குள் நடந்ததைப் பாருங்கள். ஜூலை 16: மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகா பறிபோனது. ஜூலை 19: 14 வங்கிகள் நாட்டுடைமை. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டும் அதில் அடக்கம். அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் தற்காலிக ஜனாதிபதி கிரி. மறுநாள் பதவி விலகி வேட்பாளராகப் புறப்பட்டுவிட்டார். தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா தற்காலிக ஜனாதிபதியானார்.

களத்தில் நின்ற மூன்று முக்கிய வேட்பாளர்களையும் சென்னைக்காரர்கள் அந்நியராக நினைக்கவில்லை. கிரி, 1937-இல் ராஜாஜியின் சென்னை மாகாண மந்திரிசபையில் தொழிலாளர் துறையையும் தொழில்துறையையும் கவனித்தவர். சஞ்சீவ ரெட்டி அடையாறு தியசாபிகல் பள்ளியில் படித்தவர். இதே நகரத்தின் சட்டசபையில் உட்கார்ந்தவர். சுதந்திராவும் ஜனசங்கமும் நிறுத்திய சி.டி. தேஷ்முக், இங்கே ஆந்திர மகிளா சபாவைத் தோற்றுவித்த துர்காபாயின் கணவர். அடையாறு பக்கம் போகிறவர்கள் துர்காபாய் தேஷ்முக் சாலையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஒற்றுமைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. தேஷ்முக், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர். பிறகு நேருவின் நிதியமைச்சர். கிரி, அதே மந்திரிசபையில் தொழிலாளர் அமைச்சர். 1954-இல் வங்கி ஊழியர் சம்பளம் பற்றிய தீர்ப்பாயத்தின் உத்தரவை அரசாங்கம் மாற்றியபோது, அதை எதிர்த்துப் பதவியை விட்டவர் கிரி. அப்போது நிதி இலாகா தேஷ்முக் கையில். 15 வருடம் கழித்து அதே இரண்டு பேர், வங்கிகள்தான் பேச்சு என்ற ஒரு தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள்.

அமெரிக்க விவாதத்தைக் கேட்டாரே வாசகர், அதற்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1960 செப்டம்பரில் சிகாகோவில் கென்னடியோடு டி.வி. விவாதத்தில் நின்று, அந்தத் தேர்தலில் தோற்ற நிக்சன், 1968-இல் ஜெயித்து ஜனாதிபதியாகி, 1969 ஜூலை 31 அன்று டெல்லிக்கு வந்து இறங்கினார். நம் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். அவரை வரவேற்க நிரந்தர ஜனாதிபதி இல்லை, ஹிதாயதுல்லாதான் வரவேற்றார். ராஜாஜிக்கோ 1960-இல் ஜெயித்தவரைத்தான் நேரில் தெரியும். 1962-இல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் வரை போய்க் கென்னடியைச் சந்தித்தவர் அவர்.

நம் பிரசாரத்தில் வேட்பாளர்கள் ஒரே மேடையில் நிற்கவில்லை. விவாதம் ஒரே சொல்லைச் சுற்றி நடந்தது: மனசாட்சி. ஜனாதிபதி தேர்தலில் ரகசிய ஓட்டு. கட்சி மாறினால் பதவி போகும் என்ற சட்டம் அப்போது இல்லை. ‘காங்கிரஸ் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி ஓட்டுப் போடட்டும், கொறடா உத்தரவு வேண்டாம்’ என்று ஜகஜீவன்ராமும் பக்ருதீன் அலி அகமதும் கட்சித் தலைவர் நிஜலிங்கப்பாவுக்கு எழுதினார்கள். கடைசியில் இந்திராவும் அதையே சொன்னார். தான் முன்மொழிந்த வேட்பாளருக்கு எதிராக!

சிண்டிகேட்காரர்களுக்குக் கணக்கு இடித்தது. ஆகவே நிஜலிங்கப்பா, சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களைச் சந்தித்து, ‘உங்கள் முதல் ஓட்டு தேஷ்முக்குக்கு இருக்கட்டும், இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்குக் கொடுங்கள்’ என்று கேட்டார். இந்தத் தேர்தலில் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரின் சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கு என்று பார்த்து மாற்றுவார்கள்.

சுதந்திராக் கட்சியின் இடத்தில் நின்று யோசித்தால் இந்தக் கோரிக்கையில் தவறு தெரியாது. தேஷ்முக் ஜெயிக்கப்போவதில்லை. வங்கி அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனாதிபதி மாளிகைக்குப் போவதைவிட ரெட்டி போவது மேல். தி.நகரிலிருந்து பார்த்தால் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காமராஜர் வீடு திருமலைப் பிள்ளை சாலையில். ராஜாஜி வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ராஜாஜியும் காமராஜரும் முப்பது வருடத்துக்கு மேலாக எதிரெதிர் கோஷ்டி. காமராஜரின் காங்கிரஸை வீழ்த்த அண்ணாவோடு கைகோத்து 1967-இல் சாதித்துக் காட்டியவர் ராஜாஜி. அந்தத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரே தோற்றார். பிறகு நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனார். அவருடைய முதல் ஓட்டும் ராஜாஜி கட்சியின் இரண்டாம் ஓட்டும் இப்போது ஒரே பெயருக்கு!

ராஜாஜியின் 1967 கூட்டாளியான தி.மு.க.வோ கிரி பக்கம். அண்ணா பிப்ரவரியில் இறந்திருந்தார், முதல்வர் கருணாநிதி. அன்று ஓர் எம்.பி.யின் ஓட்டுக்கு மதிப்பு 576, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 144. 1967-இல் தி.மு.க. ஜெயித்த 25 மக்களவை இடங்களும் 137 சட்டசபை இடங்களும் சேர்ந்தால் 34,128 வருகிறது. முடிவைத் தெரிந்துகொண்டு இந்த எண்ணைத் திரும்பப் பாருங்கள்.

ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு, 20 எண்ணிக்கை. முதல் சுற்றில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. ஆகவே தேஷ்முக், மற்ற சில்லறை வேட்பாளர்கள் சீட்டுகளில் இரண்டாவது எண்ணைப் பார்த்தார்கள். நிஜலிங்கப்பா கேட்டது பெரும்பாலும் கிடைத்தது: ரெட்டிக்கு 91,879 கூடியது. கிரிக்குக் கூடியது வெறும் 18,562. ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது 16,654-தான். கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. தி.மு.க. கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த 18,562 வராமல் இருந்திருந்தால் கிரி 4,01,515-லேயே நின்று ரெட்டிதான் முந்தியிருப்பார்.

சுதந்திராக் கட்சி பிழை செய்தது கூட்டல் கழித்தலில் அல்ல என்பது என் கருத்து. அவர்களுடைய ஆதரவுதான் ரெட்டிக்குப் பாரமானது. ‘காங்கிரஸ் தலைவர் வலதுசாரிகளிடம் ஓட்டுக் கேட்கிறார், வங்கி முதலாளிகளின் ஆட்களோடு சேருகிறார்’ என்று இந்திரா தரப்பு ஊர் ஊராகச் சொல்ல, அந்தச் சந்திப்பே போதுமாயிற்று. அந்தச் சாக்கு மட்டும் இல்லாவிட்டால், தான் முன்மொழிந்தவருக்கு எதிராக ஒரு பிரதமர் இவ்வளவு தைரியமாக நின்றிருக்க முடியுமா? சந்தேகம்தான். ராஜாஜியைப் போன்ற கூர்மையான மூளைக்கு இது புரியாமல் இருந்திருக்காது. ஆனால் வங்கியை எடுத்துக்கொண்ட பிறகு அவர் கட்சிக்கு வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டால், எனக்கும் பதில் இல்லை.

தேர்தலில் தோற்ற வழக்கை அவர்கள் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுதந்திராக் கட்சியின் ஆர்.சி. கூப்பர், வங்கிப் பங்குதாரர் என்ற முறையில் வழக்குப் போட, பல்கிவாலா வாதாட, 1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டுடைமைச் சட்டத்தை ரத்து செய்தது. நாலே நாளில் புது அவசரச் சட்டம் வந்தது. அதிலும் ஜனாதிபதி கிரியின் கையெழுத்துத்தான். அதே வருடம் செப்டம்பரில் சமஸ்தான மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்யும் உத்தரவிலும் கிரி கையெழுத்திட்டார். அதையும் டிசம்பரில் நீதிமன்றம் செல்லாது என்றது. இதற்கிடையே கிரியின் தேர்வையே எதிர்த்து ஒரு வழக்கு. சஞ்சீவ ரெட்டியைப் பற்றி ஆபாசமாக அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரம் எம்.பி.க்களிடையே சுற்றியது என்பது புகார். சாட்சி சொல்லக் கிரி தாமே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி கோர்ட்டில் சாட்சி சொன்ன அந்தக் காட்சியை டெல்லி பல நாள் பேசியது. வழக்கு தள்ளுபடியானது.

1969 நவம்பரில் காங்கிரஸ் உடைந்தது. இந்திரா அணி இண்டிகேட், எதிரணி சிண்டிகேட் என்று நம் டீக்கடைகளில்கூடப் பேசினார்கள். ஜனாதிபதி தேர்தலில் தொடங்கிய இரண்டாம் விருப்ப உறவு 1971 தேர்தலில் வெளிப்படையான கூட்டணியாயிற்று: தமிழ்நாட்டில் ராஜாஜியும் காமராஜரும் ஒரே அணி. தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. டெல்லியில் சுதந்திராவின் 44 இடம் 8 ஆனது. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார். இரண்டே வருடத்தில் அவர் கட்சி சரண் சிங் கட்சியோடு கரைந்தது. 1975-இல் காமராஜரும் போனார்.

சஞ்சீவ ரெட்டி கதை மட்டும் மிச்சம். 1977 ஜனாதிபதி தேர்தலில் 37 பேர் மனுத் தாக்கல் செய்தார்கள். 36 மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. ஒரு சீட்டுகூட எண்ணாமல் அவர் ஜனாதிபதியானார்.