பட்டாவும் ஓட்டும்

சேலம், நாமக்கல் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் பழைய மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில், துணியில் சுற்றிய பட்டா இருக்கும். கம்மலும் வளையலும் அடகுக் கடைக்குப் போகும், வரும். பட்டா மட்டும் லேசில் பெட்டியை விட்டு எழுந்திருக்காது. நிலம் யாருடையது என்று சொல்வதற்காக ஏற்பட்ட காகிதம் அது. ஆனால் 30 வருஷ காலம் அது இன்னொரு வேலையும் பார்த்தது. இந்த ராஜ்ய விவகாரத்தில் வாய் திறக்க யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதை அதுதான் பெரும்பாலும் தீர்மானித்தது.

அந்தக் காகிதத்தின் பூர்வோத்தரம் இந்தச் சீமையைச் சேர்ந்ததே என்பது பலருக்குத் தெரியாது. 1792-ல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கும்பெனியார் வசமாயின. வரி வசூல் செய்ய அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இவர்கள் குதிரை ஏறிப் புன்செய்க் காடுகளெல்லாம் சுற்றினார்கள்; வயல் வயலாக அளந்தார்கள்; நடுவில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். அதுதான் பிற்பாடு 'ரயத்துவாரி' என்று பெயர் பெற்றது. இடையில் மேலிடத்தார் சேலம் ஜில்லாவில் பல பகுதிகளை மிட்டாக்களாகக் கூறு போட்டு ஏலம் விட்டுப் பார்த்தார்கள். மிட்டா எடுத்தவர்களில் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் கைவிட்டார்கள். 1820-ல் மன்றோ சென்னைக்கு கவர்னராக வந்தபோது, சேலத்தில் கற்ற பாடம் ராஜதானியின் பாடமாகிவிட்டது.

மன்றோ விதைத்தது நூறு வருஷத்துக்குப் பிறகு இப்படி முளைக்கும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். 1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. சட்டசபைக்குத் தேர்தல் உண்டு என்றார்கள். ஓட்டு யாருக்கு? கிராமத்தில் வருஷத்துக்குப் 10 ரூபாய் தீர்வை மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவருக்கு. பட்டணத்தில் 3 ரூபாயாவது முனிசிபல் வரி கட்டுகிறவருக்கு. வருமான வரி கட்டுகிறவர், பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் போன்ற இன்னும் சிலருக்கு. 1920-ல் இந்த ராஜதானியில் ஜனத்தொகை ஏறக்குறைய 4 கோடி. ஓட்டர் ஜாபிதாவில் பெயர் உள்ளவர்கள் ஏறக்குறைய 12½ லட்சம். நூறு பேர் கூடிய சந்தையில் மூன்று பேருக்கு மட்டும் வாய் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புன்செய்க்குத் தீர்வை சொற்பம், நன்செய்க்கு அதிகம். ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வைத்திருப்பவர் கொஞ்ச நிலத்திலேயே 10 ரூபாய்க் கணக்கை எட்டிவிடுவார். வானத்தைப் பார்த்துக்கொண்டு ராகியும் சோளமும் விதைக்கிற மேட்டுக்காட்டுக்காரருக்கு அதைப்போலப் பல மடங்கு நிலம் இருந்தாலொழிய அந்தப் பத்து ரூபாய் தேறாது. மண் மோசம் என்று இரக்கப்பட்டுத் தீர்வையைக் குறைத்தார்கள். தீர்வை குறைவு என்று ஓட்டைக் கொடுக்காமல் விட்டார்கள். இரக்கத்திற்கு இப்படியும் ஒரு வட்டி!

மேட்டுக்காட்டுக்காரர் கதை இது என்றால், அவருடைய காட்டில் கவலை ஓட்டிய பண்ணையாள் கதை என்ன? அவருக்குப் பட்டாவே கிடையாது. சேலம் குகையில் வாடகைக் குடிசையில் தறிக்குழியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நெசவாளி எந்த வரி ரசீதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? 1921-ல் சென்னைச் சட்டசபை, இந்திய ராஜதானிகளிலேயே முதலாவதாக, பெண்களுக்கும் ஓட்டுக் கொடுத்தது. பெருமைப்பட வேண்டிய காரியந்தான். ஆனால் ஆண்களுக்குள்ள அதே சொத்துத் தகுதி பெண்களுக்கும் வேண்டும் என்றது சட்டம். தன் பெயரில் பட்டா உள்ள பெண்கள் அக்காலத்தில் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பாட்டி, கொள்ளுப்பாட்டிகளை நினைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டுப் போடுகிறவர்கள் இப்படி என்றால், ஓட்டுக் கேட்கிறவர்கள் எப்படி? சேலத்துச் சரித்திரத்தில் முன்னால் நிற்கும் பெயர்களைப் பாருங்கள். 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியார் வக்கீல். 1917 முதல் 1919 வரை சேலம் முனிசிபல் சேர்மனாக இருந்த ராஜாஜி வக்கீல். 1926 முதல் 1930 வரை ராஜதானியின் முதல் மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்தவர். இவர்களுடைய திறமையையோ தியாகத்தையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. வகுப்புவாரி உத்தரவு நடைமுறைக்கு வந்தது சுப்பராயன் மந்திரிசபையின் காலத்தில்தான். நான் சொல்வது வேறு. பொது வேலைக்கு முதலில் வேண்டியது பொழுது. நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற தைரியம் உள்ளவன்தான் நாலு ஊர் சுற்றிப் பேச முடியும். அந்தப் பொழுதை அன்று இரண்டு விஷயங்கள்தான் கொடுத்தன: ஒன்று நிலம், மற்றொன்று இங்கிலீஷ்.

ஓட்டில்லாதவர்கள் சும்மா இருந்துவிட்டார்களா என்றால், இல்லை. கள்ளுக்கடை மறியலுக்கும் சத்தியாக்கிரகத்துக்கும் ஜெயிலுக்கும் பட்டா கேட்பார் கிடையாது. 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு ராஜாஜி உப்பு எடுக்கப் புறப்பட்டபோது நாமக்கல் ராமலிங்கம் பிள்ளையின் பாட்டைத் தொண்டர்கள் பாடிக்கொண்டு போனார்கள். அந்தப் பாட்டைப் பாட எந்தத் தகுதியும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஜெயிலுக்கும் ஒரு விலை இருந்தது. ஆறு மாதம் உள்ளே போனால் வெளியே குடும்பத்துக்கு யார் கஞ்சி ஊற்றுவது? தினக்கூலிக்காரனால் கொடுக்க முடியாத விலை அது.

1935-ஆம் வருஷத்துச் சட்டம் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், சில தகுதிகள் உள்ளவர்களின் மனைவிமார்களுக்கும் ஓட்டுக் கிடைத்தது. இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 3 கோடிப் பேர் ஓட்டர்களானார்கள். 1937-ல் ராஜாஜி பிரதம மந்திரியானார். அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதி, வேறெந்த ஜில்லாவுக்கும் முன்பாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அதனால் போன வருமானத்தை ஈடுகட்டுவதில் 1939-ன் விற்பனை வரிக்கும் பங்கு இருந்தது.

மதுவிலக்கு நல்லது என்பதே என் கட்சி. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. அறைக்குள் இருப்பவர்களை விட்டுவிட்டு வாசலில் நிற்பவர்களைப் பார்க்கத் தோன்றும். கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த தொழிலாளிக்கு ஓட்டில்லை. வெறும் கையோடு வந்த புருஷனிடம் அடி வாங்கிய மனைவிக்கும் ஓட்டில்லை. மரம் ஏறிப் பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? அவன் வேண்டாம் என்றிருக்கலாம்; அவள் கை எடுத்துக் கும்பிட்டு வரவேற்றிருக்கலாம். இருவரையும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். நன்மையேயானாலும், அது அவர்களுக்காகச் செய்யப்பட்டதே தவிர அவர்களால் செய்யப்பட்டது அல்ல.

1952-ல் பட்டாவின் அதிகாரம் முடிந்தது. 21 வயதானால் ஓட்டு. தேசம் முழுவதும் 17 கோடிக்கு மேற்பட்ட ஓட்டர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகவே அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம், ஒரு தனிப் பெட்டி. இது விளங்காத வைக்கோற்போர் என்று கைகொட்டிச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களுக்குக் காலம் நல்ல பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் பணமும் படிப்பும் ஏற ஏற ஓட்டுப் போடுகிறவர்களும் அதிகம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இங்கே அந்தக் கணக்கு உதைக்கிறது. 2021 சட்டசபைத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் நூற்றுக்கு 60 பேர் கூட ஓட்டுப் போட வரவில்லை. காவிரிக்கரைக் கரூர் மாவட்டத்தில் 80-க்கு மேல் வந்தார்கள். சேலமும் நாமக்கல்லும் கரூருக்கு வெகுதூரம் பின்னால் இல்லை. ஏழைக்கு அந்த ஒரு நாள்தான் பணக்காரனோடு ஒரே வரிசையில், அவனுக்கு முன்னாலேயே கூட, நிற்கக் கிடைக்கிற நாள். அதை அவன் விடுவதாக இல்லை.

ஆனால் வரிசையில் நிற்பது வேறு. தேர்தலுக்கு நிற்பது வேறு. 1996-ல் காவிரிக்கு அக்கரையில் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறைகளைச் சர்க்காருக்குக் காட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக டிபாசிட் கட்டினார்கள். மொத்தம் 1,033 அபேட்சகர்கள்! ஓட்டுச் சீட்டு புஸ்தகமாகிவிட்டது. தேசமே சிரித்தது. அதே வருஷத்தில் சட்டசபைக்கான டிபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பின்னால் 10,000 ரூபாயாயிற்று. விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்கத்தான் உயர்த்தினார்கள், வாஸ்தவம். உழைத்துப் பிழைக்கிற ஒருவன் உண்மையாகவே நிற்க விரும்பினால் அவனையும் அது தடுக்குமே! டிபாசிட்டாவது சட்டம் கேட்கிற பணம். சட்டம் கேட்காத பணம் ஆற்று வெள்ளம் போல் ஓடுகிறது. 2016-ல் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் கமிஷன் தேர்தலையே நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று சர்க்காருக்குப் பத்து ரூபாய் கட்டியவனுக்கு ஓட்டு. இன்று ஓட்டு உள்ளவன் வீட்டைத் தேடி ரூபாய் வருகிறது. இரண்டிலும் பணம் உள்ளவன்தான் பேரத்தைத் தொடங்கி வைக்கிறான்.

இப்போது கிராம சபை என்று ஒன்று இருக்கிறது. ஓட்டர் ஜாபிதாவில் பெயர் உள்ள எவரும் போகலாம், கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் அது கூடுகிறது. இந்த நாலும் விடுமுறை நாட்கள். ஆனால் கடலைக்காட்டில் களை எடுக்கிற பெண்ணுக்கு விடுமுறை ஏது? போனால் அன்றையக் கூலி போச்சு. அப்படியே போனாலும், நாளைக்கு வேலை கொடுக்க வேண்டியவர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, பின்னால் நின்று, "குடிதண்ணீர்க் குழாய் எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஓட்டுப் பெட்டிக்கு ரகசியம் உண்டு. கிராம சபைக்கு இல்லை.

பட்டாவை ஓட்டிலிருந்து பிரிக்க 1952 வரை காத்திருந்தோம். அதைப் பேச்சிலிருந்தும் பிரிக்க வேண்டும். அதற்குச் சட்டம் மட்டும் போதாது. அவள் கூட்டத்துக்கு வரும் அந்த அரை நாள் கூலியை யார் கொடுப்பது, கேள்வி கேட்ட மறுநாள் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லாமல் இருக்க யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஊர் பதில் சொல்ல வேண்டும். பெட்டியில் பட்டா வைத்திருக்கிறவர்கள்தான் அந்தப் பதிலை முதலில் சொல்ல வேண்டியவர்கள்.