கணக்குக் கேட்டவர்கள்

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவனை எதிரியாகப் பார்ப்பது எம்மவர்க்கு மட்டுமே உரிய வியாதி என்று சலித்துக்கொள்வோர் பலர். ஆனால் சட்டத்துக்கும் ஒழுங்குக்கும் பேர்போன சிங்கப்பூரில், அந்நாட்டின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்றிலேயே இந்த வியாதி பல ஆண்டுகள் மறைந்திருந்தது. தேசிய சிறுநீரக நிதியத்தின் கதை அது. அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர் ஒரு தமிழர் என்பதால் மட்டுமல்ல, வேறு காரணங்களுக்காகவும் நாம் அறிந்திருக்க வேண்டிய கதை.

நிதியம் 1969ல் தொடங்கப்பட்டது. சிறுநீரகம் செயலிழந்த ஏழைக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்கான செலவைத் தனித்துத் தாங்க அவனால் முடியாது. அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொண்ட நிறுவனம் என்ற வகையில் நிதியத்துக்கு இருந்த மதிப்பு நியாயமானதே. தொண்டராக வந்து, 1992ல் தலைமை நிர்வாகியான ரி.ரி.துரையின் காலத்தில் அது பெருவளர்ச்சி கண்டது. 1994 முதல் தொலைக்காட்சியில் நிதி சேகரிப்பு நிகழ்ச்சிகள் நடந்தன. நட்சத்திரங்கள் ஆபத்தான வித்தைகள் காட்டினார்கள். பார்த்தவர்கள் தொலைபேசி எண்களை அழுத்திப் பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் வாடகை வண்டி ஓட்டுபவரும் இருந்தார், துப்புரவுத் தொழிலாளியும் இருந்தார்.

1990களின் பிற்பகுதியில் சிலர் கேள்வி கேட்டனர். நிதியத்தின் தலைமை நிர்வாகி விமானத்தில் முதல் வகுப்பில் பறக்கிறார் என்று இருவர் சொன்னார்கள். இன்னொருவர், நன்கொடை போகும் வழியைச் சந்தேகித்து மின்னஞ்சல் எழுதினார். இவர்கள் மீது மானநஷ்ட வழக்குகள் தொடரப்பட்டன. மூவரும் மன்னிப்புக் கேட்டு, நட்டஈடும் கட்டினார்கள். வழக்காடிய நிறுவனத்திடம் பணமும் வழக்கறிஞரும் இருந்தன. இவர்களிடம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான் இருந்தன. அதன்பின் யார் வாய் திறப்பார்?

2004 ஏப்ரல் 19ம் திகதி 'ஸ்ரெய்ற்ஸ் ரைம்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. துரையின் அலுவலகக் குளியலறைக்குத் தங்கமுலாம் பூசிய தண்ணீர்க்குழாய் பொருத்தச் சொன்னதாக ஒப்பந்தக்காரர் ஒருவர் கூறியது அதில் இருந்தது. வழக்கம்போல் நிதியமும் துரையும் வழக்குப் போட்டார்கள். ஆனால் இம்முறை எதிரே நின்றது தனிமனிதன் அல்ல. பத்திரிகை நிறுவனம் வழக்காடத் துணிந்தது.

2005 யூலை 11ம் திகதி விசாரணை தொடங்கியது. வழக்குப் போட்டவரே சாட்சிக்கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மாதச் சம்பளம் 25,000 சிங்கப்பூர் டொலர். அதற்கு மேல் பத்து, பன்னிரண்டு மாதச் சம்பளம் போனஸ். மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 18 இலட்சம் டொலர் என்று வெளிவந்தது. முதல் வகுப்பில் பறந்ததையும் அவர் ஒப்புக்கொண்டார். கையிருப்பு மூன்று ஆண்டுக்கே போதும் என்று மக்களிடம் சொல்லப்பட்டிருந்தது. சுத்திகரிப்புச் செலவை மட்டும் கணக்கிட்டால் முப்பது ஆண்டுகளுக்கும் வரும் என்பது அம்பலமானது. கையிருப்பு 26 கோடி டொலருக்கும் மேல். மறுநாளே வழக்கு கைவிடப்பட்டது.

நிதியத்தின் புரவலராக இருந்த முன்னாள் பிரதமரின் மனைவி, ஆண்டுக்கு ஆறு இலட்சம் டொலர் என்பது 'கச்சான்' என்றார். அற்பக் காசு என்பது அவர் சொன்னதன் பொருள். பின்னர் அவர் வருத்தம் தெரிவித்தாலும் அந்தச் சொல் மக்களின் வாயில் நிலைத்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் மாதாந்த நன்கொடையை நிறுத்தினர். யூலை 14ம் திகதி துரையும் நிர்வாக சபையும் பதவி விலகினார்கள்.

புதிய நிர்வாகத்தின் கீழ் கே.பி.எம்.ஜி. நிறுவனம் கணக்குகளைத் துருவி, 2005 டிசம்பரில் 442 பக்க அறிக்கையை வெளியிட்டது. தங்கக் குழாயைவிட முக்கியமான செய்தி அதில் இருந்தது. நிர்வாக சபை தன் அதிகாரத்தைச் சிறு செயற்குழுவிடம் ஒப்படைத்தது. செயற்குழு அதைத் துரையிடம் ஒப்படைத்தது. ஆக, காவலுக்கு இருந்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். புதிய நிர்வாகம் தொடுத்த வழக்கில், 40 இலட்சம் டொலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க 2007ல் துரை இணங்கினார். செய்யாத வேலைக்கான 20,000 டொலர் பற்றுச்சீட்டு தொடர்பாக அதே ஆண்டு குற்றவாளியாகக் காணப்பட்டார். மூன்று மாதச் சிறைத்தண்டனை. மேன்முறையீடு தள்ளுபடியாகி 2008ல் சிறை சென்றார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த உண்மையை எந்தக் கண்காணிப்பு அமைப்பும் முதலில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. கேள்வி கேட்டவனை நசுக்கப் பயன்பட்ட அதே மானநஷ்ட வழக்குத்தான், வாதியே எதிர்பாராத விதத்தில், கணக்குப் புத்தகத்தைத் திறந்தது. முதலில் கேட்ட கேள்விக்கே பதில் கிடைத்திருந்தால்? இத்தனை ஆண்டுப் பணம் மிஞ்சியிருக்கும். மக்களின் நம்பிக்கையும் மிஞ்சியிருக்கும். நன்கொடை நின்றபோது அச்சத்துக்குள்ளானவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர். ஊசியோடு இயந்திரத்தின் அருகே படுத்திருந்த நோயாளர்கள். நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று வாயடைத்தவர்களே அந்தப் பெயரைக் கெடுத்தார்கள்.

இனி எமது பக்கம் திரும்புவோம். புலம்பெயர்ந்த நாடுகளில் கோவில்கள், ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எனத் தமிழர் திரட்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல. குளிரில் கோப்பை கழுவியவனின் காசு அது. நேர்மையாக நடப்பவை அநேகம் உண்டு. ஆனால் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "வரவு செலவைக் காட்டுங்கோ" என்றால், "உனக்கு எங்கள் மேல் நம்பிக்கையில்லையோ?" என்று வரும் பதிலையும் நாம் அறிவோம். கோவிலென்றால் சாமிக் குற்றம், ஊர் விடயமென்றால் இனத்துரோகம். கேட்பவன் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறான்.

நம்பிக்கை என்பது கணக்குக்கு மாற்று அல்ல. உறவினர் அல்லாத ஒருவர் பரிசோதித்த கணக்கு, இருவர் கையெழுத்திட்ட காசோலை, ஒவ்வொரு பணத்துக்கும் பற்றுச்சீட்டு... இவற்றைக் கேட்பது அவமதிப்பாகாது. இங்கிலாந்தில், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் அண்மைய கணக்கின் பிரதியை எவரும் கேட்டுப் பெறச் சட்டமே உரிமை தருகிறது. எத்தனை பேர் அந்த உரிமையைப் பயன்படுத்தியிருக்கிறோம்?

அடுத்த பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து கணக்குக் கேட்டால், அவரை உட்காரச் சொல்லுமுன் அந்த மூவரையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.