ஒளிவழி மூளை அளவீடும் உடற்கூற்றுப் படமும்: ஒரு வரலாற்று நோக்கு

மண்டையோட்டைத் திறவாமலே மூளையின் நிலையை ஒளிகொண்டு அறியலாம் என்பதை 1977ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரான்ஸ் யொப்சிஸ் வெளிப்படுத்தினார். கட்புல ஒளியை அடுத்துள்ள செந்நிறக்கீழ்க் கதிர்கள் தோலையும் என்பையும் ஓரளவு ஊடுருவவல்லன. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனை ஏற்ற நிலையிலும் இழந்த நிலையிலும் அவற்றை வெவ்வேறளவில் உறிஞ்சுகின்றது. இவ்வேறுபாடே அளவீட்டின் அடிப்படையாயிற்று. 1993ஆம் ஆண்டளவில் மூளை தொழிற்படும்போது நிகழும் குருதி மாற்றங்களைப் பல குழுவினர் இம்முறையாற் பதிவுசெய்தனர்.

ஆயின் இம்முறையோடு உடன்பிறந்த குறையொன்றுண்டு. ஒளிமுதலும் உணரியும் தலைத்தோலிலே ஏறக்குறைய 3 சதமமீற்றர் இடைவெளியில் வைக்கப்படுகின்றன. இடையே ஒளி சிதறி வளைந்து மீளுகின்றது. மாற்றம் நிகழ்ந்ததென உணரி கூறும். மூளையின் எம்மடிப்பில் நிகழ்ந்ததெனக் கூறாது. இடமறியா அளவீட்டை இன்னோர் ஆய்வாளரின் முடிவோடு ஒப்பிடுதல் எங்ஙனம்?

இதற்கு வேண்டிய கருவி ஒளியியலிலன்றி, மூளை மின்னலை ஆய்விலே முன்னரே உருவாகியிருந்தது. 1958இல் மொன்றியால் நகரத்து ஹேபேட் ஜஸ்பர் வெளியிட்ட 10–20 முறையே அது. மூக்கடிப் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரையும், ஒரு காதின் முன்புறத்திலிருந்து மறுகாதின் முன்புறம் வரையும் உள்ள தூரங்களை 10, 20 நூற்றுவீதங்களாகப் பகுத்து மின்வாய்களின் இடங்கள் குறிக்கப்படும். தலை பெரிதாயினும் சிறிதாயினும் விகிதம் மாறாது. அளவுநாடா ஒன்றே போதும். இவ்வெளிமையே அதன் வலிமை என்பது எமது கருத்து.

மூளைக்குள் இடங்களை ஆள்கூறுகளாற் குறிக்கும் முயற்சி பிரான்சிலே வளர்ந்தது. தலெறாக், தூர்னூ இருவரும் 1988இல் வெளியிட்ட படநூல் நெடுங்காலம் பொது அளவுகோலாக விளங்கிற்று. அதற்கு ஆதாரமாயிருந்ததோ 60 வயதுப் பெண்மணி ஒருவரின், இறப்பின்பின் பெறப்பட்ட ஒரே மூளை! மாந்தர் அனைவரையும் அவ்வொரு மூளைக்குப் பொருத்தும் விந்தை நீடித்தல் தகாதெனக் கண்டு, மொன்றியால் நரம்பியல் நிறுவனத்தார் முதலில் 305 பேரினதும், பின்னர் 152 பேரினதும் காந்தப் பரிவு விம்பங்களைச் சராசரிப்படுத்தினர். ஜஸ்பர் பணியாற்றியதும் அந்நிறுவனத்திலேயே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்விரு மரபுகளையும் இணைத்தோர் யப்பானிய ஆய்வாளராவர். 2004இல் ஒக்கமோற்றோ குழுவினர் வளர்ந்தோர் 17 பேரின் விம்பங்களிலே 10–20 புள்ளிகளைக் குறித்து, தலைத்தோலிலிருந்து மூளைய மேற்பட்டைக்கு எறியஞ்செய்து, ஒவ்வொரு புள்ளியும் எப்பகுதியின்மேல் அமையக்கூடும் என்பதை நிகழ்தகவாக உரைத்தனர். 2005இல் சிங் முதலியோர் ஒருபடி மேற்சென்றனர். ஆய்வுக்குட்படுபவரின் விம்பம் இல்லாமலே, அவர் தலைமீது அளந்த புள்ளிகளைப் பிறருடைய விம்பத் தொகுதியோடு பொருத்தி ஆள்கூறு பெறும் வழியை அவர்கள் காட்டினர். விம்பப் பொறிக்குள் அசையாது கிடக்கவியலாத குழந்தைகளை ஆராய்வோர்க்கு இது பெரும் பேறாகத் தோன்றியது.

ஆனால் இவ்வாறு பெறும் ஆள்கூறு மதிப்பீடே. நேரிற் கண்ட இடமன்று. தனியொருவரின் மடிப்பமைப்பு அதனுள் இல்லை. குழந்தையின் தலையை வளர்ந்தோர் விம்பத்துக்குப் பொருத்துமிடத்துப் பிழை அளவீட்டிலன்றிப் படத்திலேயே தொடங்கிவிடுகின்றது. குழந்தைகளுக்கென வயதுதோறும் தனி மாதிரிப்படங்கள் பின்னர் ஆக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே.